வூட்டுக்கு ஒரு ஆள்

சென்ற மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து போன் வந்தது. புதிதாகச் சேர்ந்திருக்கும் களப்பணியாளர்கள் ஒன்பது பேருக்கு என் அனுபவத்தை அரை மணி நேரம் சொல்ல வேண்டுமாம். இருபத்தெட்டு வருடம் தர்மபுரி மாவட்டத்துத் தூசியைத் தின்றவளுக்கு அரை மணி நேரம்! சரி, கொடுத்தவரைக்கும் லாபம் என்று இண்டூரில் பஸ் ஏறிப் போனேன்.

போன இடத்தில் ஒரு பெண் கையகலக் கருவி ஒன்றைக் காட்டினாள். வானத்திலிருந்து எடுத்த படம். விரலால் தள்ளினால் ஊர் ஊராக நகர்கிறது. “மேடம், ஒரு கிராமத்துல எத்தன வீடுன்னு இதுல ரெண்டே நிமிஷத்துல எண்ணிடலாம்” என்றாள். எனக்கு வந்த சிரிப்பு அடங்கத் தண்ணீர் குடிக்க வேண்டியதாகிவிட்டது. பாவம், அந்தப் பெண்ணுக்கு முகம் வாடிப்போனது. ஒரு ஊரில் எத்தனை வீடு என்ற கேள்விக்குப் பதில் தேடி நான் பட்ட பாடு அவளுக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்ல ஆரம்பித்தேன். கதையில் ஆடு வந்தபோது அரை மணி நேரம் முடிந்து டீ வந்துவிட்டது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் ஆரோக்கியமேரி. ஊர்களில் மேரியக்கா. ஊர் மக்களே கூடி, தங்கள் ஊருக்கு என்ன வேண்டும் என்று முடிவெடுத்து, தாங்களே செய்துகொள்ள வைப்பது எங்கள் நிறுவனத்தின் வேலை. கேட்க நன்றாக இருக்கும். ஆறு வாரப் பயிற்சியில் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கும் விளையாட்டும் கைதட்டிப் பாடும் பாட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். இதையெல்லாம் ஊரில் போய்ச் செய்தால் கல்லை விட்டெறிவார்கள் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். உருப்படியாகக் கற்றதெல்லாம் ஞானமுத்து சாரிடம்தான்.

ஞானமுத்து சார் எங்கள் ஒருங்கிணைப்பாளர். முன்பு கணக்கு வாத்தியாராக இருந்தவர். ஒல்லியான மனிதர். சட்டையின் வலது பையில் வறுத்த நிலக்கடலை இருக்கும். ஊர்க் கூட்டத்தில் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரித்துத் தின்பார். தோலைக் கீழே போட மாட்டார், இடது பையில் போட்டுக்கொள்வார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். திட்டவும் மாட்டார். நாம் தப்புச் செய்துவிட்டுப் போய் நின்றால், “அப்படியா?” என்பார். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து வேலையை விட்டு ஓடியவர்கள் இரண்டு பேர் எனக்குத் தெரியும்.

அவரிடம் சில சட்டங்கள் உண்டு. ஊரில் நாற்காலி கொடுத்தால் அதன்மேல் பையை வைத்துவிட்டு நாம் தரையில் உட்கார வேண்டும். தரையில் ஊர்ப்படம் வரையும்போது குச்சியை ஐந்து நிமிடத்துக்கு மேல் நம் கையில் வைத்திருக்கக் கூடாது. அவர்களில் யாராவது ஒருவரிடம் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். யாராவது கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்லக் கூடாது. மனதுக்குள் இருபது வரை எண்ண வேண்டும். “இருபது எண்றதுக்குள்ள அவங்கள்லயே ஒருத்தர் பதில் சொல்லிடுவாரு. சொல்லலன்னா இன்னொரு இருபது எண்ணு” என்பார்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கண்டக்டர் வேலை பார்த்த என் வீட்டுக்காரரே, “நாள் பூரா பஸ்ஸுல கத்தறவன் நானு, வீட்டுல டிக்கெட் கிழிக்கறது நீ” என்று சொல்வார். இருபது எண்ணச் சொன்னால் ஏழிலேயே வாய் திறந்துவிடும். கடைசியில் எண்ணுவதை விட்டுவிட்டு மனதுக்குள் ‘அருள்நிறைந்த மரியே’ சொல்ல ஆரம்பித்தேன். பாதி ஜெபத்தில் குறுக்கே பேசினால் பாவம் என்ற பயத்தில் வாய் மூடியிருந்தது. சில கூட்டங்கள் முடியும்போது ஒரு முழு ஜெபமாலையே ஆகியிருக்கும். மாதா என்ன நினைத்தாரோ.

சார் அடிக்கடி சொல்லும் இன்னொன்றும் உண்டு. “மேரி, நீ அந்த ஊர்க்காரி இல்ல. அத மட்டும் மறந்துடாத. உன்னைக் கேக்காம அவங்களா எப்ப ஒரு முடிவு எடுக்கறாங்களோ அன்னிக்கு வந்து என்கிட்ட சொல்லு. பையில இருக்கற கடலை மொத்தத்தையும் உனக்குத் தரேன்.” இந்தக் கதை நடக்கும்போது பத்து வருடம் அவரிடம் வேலை பார்த்தும் எனக்கு ஒரு கடலை கிடைத்திருக்கவில்லை.

நல்லம்பள்ளிப் பக்கத்தில் ஒரு கொட்டாய். சிற்றூரை இங்கே கொட்டாய் என்போம். பெயரைச் சொன்னால் எழுதியதைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்து சண்டை பிடிப்பார்கள், அதனால் வெறும் கொட்டாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கரட்டுக் குன்றிலிருந்து இறங்கும் மழைத்தண்ணீரை ஊர் ஏரிக்குக் கொண்டுவர அங்கே ஒரு வாய்க்கால் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஏரிக்குச் சற்று மேலே அது இரண்டு அண்ணன் தம்பிகளின் காட்டுக்கு, அதாவது விளைநிலத்துக்கு, நடுவே போகும். அண்ணன் பெரியமாது, தம்பி சின்னமாது. பாகம் பிரித்ததில் வந்த சண்டையில் இருவரும் எட்டு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. ஒவ்வொரு உழவுக்கும் இந்தப் பக்கம் இவர் ஒரு சாண், அந்தப் பக்கம் அவர் ஒரு சாண் வரப்பைத் தள்ளித் தள்ளி, நடுவில் வாய்க்காலே காணாமல் போய்விட்டது. மனுக் கொடுத்தார்கள். அளக்க ஆள் வந்தால் ஆளுக்கொரு பக்கம் கல்லைப் பிடுங்கிப் போட்டார்கள். நூறு நாள் வேலையில் வெட்டலாமே என்பீர்கள். தகராறு இருக்கும் வாய்க்காலில் எந்த அலுவலர் கை வைப்பார்?

இரண்டு வருடமாக ஏரிக்குத் தண்ணீர் இல்லை. கிணறுகளில் தரை தெரிந்தது. ஒவ்வொரு வீடாகப் பூட்டிக்கொண்டு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மகளிர் குழுத் தலைவி பச்சையம்மா ஏற்கெனவே மூன்று வருடம் அங்கே சிமெண்டுச் சட்டி சுமந்துவிட்டு வந்தவள். அவள் மகள் அப்போது ஒன்பதாவது படித்தாள்.

“இந்த மழைக்கும் ஏரி நெறையலன்னா நானும் பொட்டி கட்ட வேண்டியதுதாங்கக்கா” என்றாள் முதல் நாளே. “அந்தத் தகர ஷெட்டுல வயசுக்கு வந்த புள்ளைய வச்சிக்கினு எப்பிடி இருப்பேன்? படிப்பும் போச்சு. நீங்க வந்து படம் போடறேன்றீங்க. படம் போட்டா தண்ணி வருமா?”

நான் ஒரு அருள்நிறைந்த மரியே சொன்னேன். இன்னொன்று சொன்னேன். பச்சையம்மாவே, “சரி, போட்டுத்தான் பாப்போம். சும்மா குந்தியிருக்கறதுக்கு அதுவாச்சும் ஆவட்டும்” என்றாள்.

பால் சொசைட்டிக்கு முன்னால் இருந்த களத்தில் ஊர்ப்படம் போட்டோம். தெருவுக்கு வெள்ளைக் கோலப்பொடி, தண்ணீருக்கு நீலப்பொடி, வீட்டுக்கு ஒரு அவரைக் கொட்டை. நான் குச்சியால் ஒரு கோடு கிழித்துவிட்டுக் குச்சியைக் கொடுத்துவிட்டேன். முதலில் யாரும் கிட்டே வரவில்லை. ஒருவர் மாரியம்மன் கோயிலுக்குச் செங்கல் ஒன்றை வைத்தார். அது கிழக்கே பார்க்கவில்லை என்று ஒருத்தி திருப்பி வைத்தாள். அவ்வளவுதான், மொத்த ஊரும் களத்தில் இறங்கிவிட்டது.

நீலப்பொடி பெரியமாதுவின் கைக்குப் போனது. வாய்க்காலைத் தம்பியின் காட்டு வழியாக அழகாக இழுத்துவிட்டார். சின்னமாது வந்து காலால் அழித்துவிட்டு அண்ணன் காட்டு வழியாக இழுத்தார்.

“வாய்க்கா யாரு காட்டுல இருந்துச்சுன்னு அவங்கப்பனப் போயி கேக்கச் சொல்லுங்க அந்த ஆள” என்றார் பெரியமாது, என்னைப் பார்த்து.

“எங்கப்பன் செத்துப் பன்னண்டு வருசமாச்சுன்னு அந்த ஆளுகிட்ட சொல்லுங்க” என்றார் சின்னமாது. அவரும் என்னைப் பார்த்துத்தான். இருவருக்கும் ஒரே அப்பன்.

இந்த ரகளையில் சின்னமாது கையில் பிடித்திருந்த ஆட்டுக் கயிற்றை விட்டுவிட்டார். ஆடு கோயில் தெருவில் நுழைந்து வரிசையாகப் பதினோரு வீட்டைத் தின்றுவிட்டது.

“எம் வூட்டத் தின்னுடுச்சு! நாலு பேரு பாத்தீங்க இல்ல? அந்த ஆளு ஆடு எம் வூட்டத் தின்னுடுச்சு!” என்று பெரியமாது தலையில் அடித்துக்கொண்டார். ஓட்டு வீடு முழுசாக நூறடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. நான் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தேன். ஞானமுத்து சார் கடலை உரித்துக்கொண்டிருந்தார். போகும்போது மட்டும் சொன்னார்: “அடுத்த தடவ புளியங்கொட்டை வச்சுக்க.”

ஆடு தின்ற வீடுகளைத் திரும்ப வைக்கும்போதுதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். “இத எண்ணி என்னாங்க பண்ணப் போறீங்க?” என்று யாரோ கேட்டார்கள். ஜெபம் சொல்லியிருக்க வேண்டும். வாய் முந்திவிட்டது. “நாளைக்கு ஏதாச்சும் திட்டம் வந்தா வீட்டுக்கு ஒண்ணுன்னு வரும் இல்லீங்களா?” என்று உளறிவிட்டேன்.

கண்ணெதிரே ஊர் வளர்ந்தது. மாட்டுக் கொட்டகைகள் வீடாயின. பெண் பார்க்க மட்டுமே போய்வந்த பையனுக்குத் தனி வீடு வந்தது. திருப்பூர் போய்ப் பத்து வருடமானவர் குடும்பத்தோடு திரும்பி வந்தார். பெரியமாது மூன்று கொட்டை வைத்தார், அதனால் சின்னமாது நாலு வைத்தார். மொத்தம் தொண்ணூற்று நாலு வீடு. பெருமையாக நோட்டில் எழுதிக்கொண்டுபோய் சாரிடம் காட்டினேன்.

“அப்படியா?” என்றார்.

அதன்பிறகு புதன்கிழமைதோறும் கூட்டம். நாலாவது மாதம் பெண்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள். இனிமேல் யாரையும் எதிர்பார்க்க வேண்டாம், புரட்டாசி மழைக்கு முன்னால் நாமே வாய்க்காலை வெட்டிவிடுவோம் என்றார்கள். கோயில் காரியத்துக்கு அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. வூட்டுக்கு ஒரு ஆள் வேலைக்கு வர வேண்டும். வாய்க்காலுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். வீட்டை எண்ண மறுபடியும் படம், இந்தத் தடவை புளியங்கொட்டை. அவரவர் வீட்டுக்கு அவரவர் கொட்டை வைத்தார்கள். எண்ணினால் நாற்பத்தொன்று.

சாரிடம் போய்ச் சொன்னேன். “அப்படியா?” என்றவர், கொஞ்ச நேரம் கழித்து உண்மையான கவலையோடு கேட்டார்: “அம்பத்து மூணு வூடு போயிருக்குதே, புயல் ஏதாச்சும் அடிச்சுதா மேரி?”

நாற்பத்தொரு ஆளால் மழைக்குள் வெட்டி முடிக்க முடியாது. பச்சையம்மா அடுத்த புதன்கிழமை நேராகவே கேட்டாள்: “கல்யாணம் ஆயி தனியாப் போன மகனுங்க வூடெல்லாம் எங்க போச்சு?” எல்லோரும் கூட்டுக் குடும்பமாகியிருந்தார்கள். உச்சகட்டமாகச் சின்னமாது எழுந்து, “நாங்களும் ஒரே வூடுதாங்க. பெரியவரு வூடுதான் எங்க வூடும்” என்றார். பெரியமாது, “ஆமாங்க, கூட்டுக் குடும்பம்” என்று தலையாட்டினார். ஒரு ஆள் வேலை மிச்சமாகிறதென்றால் எட்டு வருடச் சண்டை எம்மாத்திரம்!

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டுமென்று வாய் துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஜெபம் சொன்னேன். இரண்டாவது ஜெபத்தில் யாரோ என் கையிலிருந்து குச்சியைப் பிடுங்கினார்கள். பச்சையம்மா. குச்சி என் கையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் இருந்திருக்கிறது.

“ஒரே வூடுன்னா ஒரே அடுப்பு” என்றாள். “நாளக்கிக் காலையில பொம்பளைங்க நாங்க வூடு வூடா வந்து அடுப்பு பாப்போம். எத்தன அடுப்பு எரியுதோ அத்தன ஆளு.”

காலை ஏழு மணிக்குப் பதினாலு பெண்கள் கிளம்பினார்கள். நான் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு போனேன். இப்படி ஒரு கணக்கெடுப்பை எந்த அரசாங்கமும் எடுத்திருக்காது. ஒரு வீட்டில் அடுப்பின்மேல் முறத்தைக் கவிழ்த்துக் கோழி அடை காக்கிறது என்றார்கள். பச்சையம்மா முறத்தைத் தூக்கினாள். தணல் இருந்தது, கோழி இல்லை. இன்னொரு வீட்டில் மருமகள் அவசரமாகத் தண்ணீர் ஊற்றி அணைத்த அடுப்பு இன்னும் புஸ்ஸென்று புகைந்துகொண்டிருந்தது. “என்னாடி, அடுப்புக்குக் காய்ச்சலா?” என்று கேட்டார்கள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இப்படி அடுப்பு அடுப்பாக எண்ணிக்கொண்டு கடைசியாகப் பெரியமாது வீட்டுக்கு வந்தோம்.

வாசலில் ஒரே அடுப்பு. அதன்மேல் பெரிய பானையில் களி. இந்தப் பக்கம் அண்ணன் மனைவி, அந்தப் பக்கம் தம்பி மனைவி. அண்ணனும் தம்பியும் கல்யாணப் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி விறைப்பாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சின்னமாதுவின் பானை கரி கூடத் துடைக்காமல் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தது.

“சாப்புடுங்க. நாங்க பாக்கறோம்” என்றாள் பச்சையம்மா. பதினாலு பேரும் வாசலில் குந்திவிட்டார்கள்.

இருவரும் களியைப் பிட்டார்கள். குழம்புச் சட்டி அண்ணன் பக்கத்தில் இருந்தது. சின்னமாது தன் மனைவியைப் பார்த்து, “அந்த ஆளுகிட்ட கொழம்பு...” என்று ஆரம்பித்தார்.

“எந்த ஆளு?” என்றாள் பச்சையம்மா. “ஒரே வூட்டுல அந்த ஆளுன்னா யாருங்க அது?”

நான் முழுசாக இரண்டு ஜெபம் சொன்னேன். சின்னமாது அண்ணன் பக்கம் தட்டை நகர்த்தினார்.

“அண்ணா... கொழம்பு.”

பெரியமாது சட்டியைத் தள்ளினார். நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு வாய் தின்றுவிட்டு, “உப்பு கம்மி” என்றார். “ஆமாண்ணா” என்றார் சின்னமாது. அவ்வளவுதான், ஓரகத்திகள் இருவரும் கரண்டியோடு திரும்பினார்கள். “எட்டு வருசமா ரெண்டு அடுப்புக்கு வெறகு பொறுக்கி எங்க இடுப்பு ஒடிஞ்சுது. உப்பு கம்மியாம் உப்பு!” என்று இருவரும் சேர்ந்து பிடித்துக்கொண்டதில் அண்ணன் தம்பி இருவரும் வாய் பேசாமல் தின்று முடித்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. புகை என்று சொல்லிக்கொண்டேன்.

மொத்தம் அறுபத்திரண்டு அடுப்பு. “பச்சையம்மா, இவங்க வூட்டுல ஒரு ஆளு போச்சே” என்று காதில் சொன்னேன். “இருங்கக்கா” என்றாள். கூட்டத் தீர்மான நோட்டைச் சின்னமாதுவிடம் கொடுத்து அங்கேயே எழுதச் சொன்னாள்: பெரியமாது, சின்னமாது ஒரே வூடு, ஒரே அடுப்பு, ஒரே காடு. கடைசி வார்த்தையில் சின்னமாதுவின் பேனா நின்றது. பெரியமாதுவோ ஒரு ஆள் வேலை மிச்சமான சந்தோஷத்தில் இருந்தார். “போடுறா” என்றார். எட்டு வருடத்துக்குப் பிறகு அண்ணன் தம்பியைப் பார்த்துச் சொன்ன முதல் சொல். சின்னமாது உடனே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஆவணியில் வேலை ஆரம்பித்தது. ஏரியிலிருந்து மேல்நோக்கி வெட்டிக்கொண்டே போனார்கள். பெரியமாது வீட்டிலிருந்து ஒரு நாள் அண்ணன், ஒரு நாள் தம்பி வந்தார்கள். ஒன்பதாம் நாள் அவர்கள் காட்டுக்கு வந்தாயிற்று. ஆளுக்கொரு வரப்பின்மேல் இருவரும் மம்மட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்கள். மேலே வானம் கருத்துக்கொண்டு வந்தது. பச்சையம்மா வீட்டில் டிரங்குப் பெட்டி கட்டி வைத்தாகிவிட்டது என்று எனக்குத் தெரியும். பெங்களூர் மேஸ்திரிக்குச் சொல்லியும் விட்டிருந்தாள். இந்த நூறடி வெட்டாவிட்டால் வெட்டியதெல்லாம் வீண்.

பச்சையம்மா நோட்டைப் பிரித்துப் படித்தாள். “ஒரே வூடு, ஒரே அடுப்பு, ஒரே காடு. ஒரே காட்டுக்கு நடுவுல ரெண்டு வரப்பு எதுக்குங்க? தண்ணி வழியில நிக்குது. வெட்டிடறோம்.”

சின்னமாதுவுக்கு அப்போதுதான் உறைத்தது. “அப்பிடின்னா நாங்க ரெண்டு வூடு!” என்று கத்தினார்.

“ரெண்டு வூடா? சரிங்க. ரெண்டு வூடுன்னா எட்டு நாளா ஒரு ஆளு வேலைக்கு வரல. அந்த எட்டு நாள இப்பவே செஞ்சி குடுங்க. அப்புறம், ரெண்டு காடுன்னா நடுவுல இருக்கறது ஊரு வாய்க்கா. அதுக்கு ரெண்டு பேரும் சமமா எடம் விடுங்க. ஒரு வூடுன்னாலும் வரப்பு போவும், ரெண்டு வூடுன்னாலும் வரப்பு போவும். நீங்களே சொல்லுங்க, எத்தன வூடு?”

ஞானமுத்து சார் அன்றைக்கு வந்திருந்தார். அவர் கையிலிருந்து ஒரு கடலை கீழே விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பார்வையிலேயே ஏதோ பேசிக்கொண்டார்கள். பெரியமாது மம்மட்டியைத் தோளிலிருந்து இறக்கினார். “எங்க வரப்ப ஊருக்காரங்க எதுக்கு வெட்டணும்? நாங்களே வெட்டிக்கறோம்” என்று சொல்லிவிட்டு, விறுவிறுவென்று போய்த் தம்பி வரப்பை வெட்ட ஆரம்பித்தார். சின்னமாது விடுவாரா? பாய்ந்துபோய் அண்ணன் வரப்பில் விழுந்தார். எட்டு வருடக் கோபம் முழுவதையும் மம்மட்டியில் காட்டினார்கள். மத்தியானத்துக்குள் அந்த இடத்தில் மாட்டு வண்டி போகிற அகலத்துக்கு வாய்க்கால் வந்துவிட்டது. போதும் போதும் என்று நாங்கள்தான் பிடித்து நிறுத்தினோம்.

புரட்டாசி மூன்றாம் வாரம் மழை பிடித்தது. செம்மண் கலங்கிய தண்ணீர் நுரை தள்ளிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி ஏரிக்குள் விழுந்ததை ஊரே கரையில் நின்று பார்த்தது. நான் குடையை மறந்துவிட்டு அழுதேன். பச்சையம்மா அழவில்லை. “மேஸ்திரிக்கு ஒரு போன் போடணுங்கக்கா, வரலன்னு சொல்லிடணும்” என்றாள். வீட்டுக்குப் போய்ப் பெட்டியிலிருந்து பாத்திரங்களை எடுத்து அடுக்கினாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த புதன்கிழமை ஆசையாகக் கூட்டத்துக்குப் போனேன். களத்தில் ஒரு ஈ காக்கா இல்லை. விசாரித்தால், கூட்டம் நேற்றே முடிந்துவிட்டதாம். மடைத் தண்ணீருக்கு முறை, வருடா வருடம் ஆடி பதினெட்டு கழிந்ததும் வாய்க்காலில் தூர் எடுப்பது, பொறுப்புக்கு ஏழு பேர், எல்லாம் முடிவாகிவிட்டது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. எட்டு மாதம் வெயிலில் காய்ந்தவள் நான்! அவமானமாக இருந்தது, அழுகையாக வந்தது. பஸ் பிடித்து நேராக அலுவலகத்துக்குப் போய் சாரிடம் கத்தினேன். “என்னக் கேக்காம அவங்களே கூட்டம் போட்டு, அவங்களே எல்லாத்தையும் முடிச்சிட்டாங்க சார்!”

“அப்படியா?” என்றார் ஞானமுத்து சார். வலது பைக்குள் கையை விட்டு, இருந்த கடலை மொத்தத்தையும் எடுத்து என் முன்னால் மேஜையில் வைத்தார். எனக்குக் கத்திக்கொண்டிருந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. உட்கார்ந்து முழுவதையும் உரித்துத் தின்றேன். தோலை என் பையில் போட்டுக்கொண்டேன்.

விடைபெற்று வரலாம் என்று மறுவாரம் கொட்டாய்க்குப் போனேன். களத்தில் புதுப் படம் போட்டிருந்தார்கள். பழக்கதோஷத்தில் கொட்டைகளை எண்ணினேன். அறுபத்துநாலு. அறுபத்துமூன்று எனக்குப் புரிந்தது. உப்பு விஷயத்தில் ஓரகத்திகள் பிரிந்து அண்ணனும் தம்பியும் மறுபடி இரண்டு அடுப்பாகியிருந்தார்கள். பேச்சு மட்டும் நிற்கவில்லை, குழம்பும் இங்கும் அங்கும் போய்வந்துகொண்டிருந்தது. ஏரிக்கரை ஓரம் தனியாக ஒரு புளியங்கொட்டை இருந்தது.

“இது யாரு வூடு? அங்க வூடே கெடையாதே” என்றேன்.

“உங்க வூடு” என்றாள் பச்சையம்மா. “அடுப்புக் கணக்குதானங்கக்கா? இந்த ஊருல நீங்க சாப்புடாத அடுப்பு எது? எல்லா அடுப்புலயும் பங்கு இருக்குது. அதனால ஒரு வூடுன்னு வச்சிட்டோம். ஆடிப் பதினெட்டு கழிஞ்சா தூர் எடுக்கணும். வூட்டுக்கு ஒரு ஆளு. வந்துடுங்க.”

நீ அந்த ஊர்க்காரி இல்லை என்று சார் அத்தனை தடவை சொல்லியிருக்கிறார். இந்தப் புளியங்கொட்டையைப் பற்றி மட்டும் கடைசிவரை அவரிடம் நான் சொல்லவே இல்லை.

ஒவ்வொரு ஆடிக்கும் போனேன். வேறு ஊர்களுக்கு மாற்றிய பிறகும் லீவு போட்டுவிட்டுப் போனேன். பச்சையம்மாவின் மகள் இன்றைக்கு நர்ஸ். அவளும் ஒருமுறை லீவில் வந்து எனக்குப் பக்கத்தில் மண் அள்ளினாள். சென்ற மாதம் அந்தப் பெண்ணின் கருவியில் கொட்டாயைத் தேடிப் பார்க்கச் சொன்னேன். வாய்க்கால் தெரிந்தது, ஏரி தெரிந்தது. கரையோரம் கூரை எதுவும் இல்லை. “இங்க ஒண்ணு விட்டுப்போச்சு பாரு” என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

இந்த வருடம் என்னால் முடியாது என்று முடிவு செய்திருந்தேன். முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது. நேற்றுக் காலை பச்சையம்மா போன் செய்தாள்.

“அக்கா, திங்கக்கெழம தூர் எடுக்கறோம்.”

“பச்சையம்மா, நான் ரிட்டயர்டு ஆயிட்டேன்” என்றேன். “இப்ப மகன் வூட்டோடதான் இருக்கறோம். எனக்குன்னு தனி வூடு கெடையாது. கூட்டுக் குடும்பம்.”

ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லி முடிக்கும் நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

“அப்பிடிங்களாக்கா? சரி. நாளக்கிக் காலையில பொம்பளைங்க நாங்க இண்டூரு வரோம். அடுப்பு பாக்கணும்.”

போனை வைத்துவிட்டு, மம்மட்டி எங்கே கிடக்கிறது என்று தேடப் போனேன்.